இரண்டு கரண்டி

பாரிஸ்
8.3.1992

அன்புள்ள குணம்,

போன கடிதம் உமக்கு வந்து சேர நாற்பது நாள் எடுத்ததாக எழுதியிருந்தீர். இதுவும் அதற்குள் வந்தால் புண்ணியம்.

முதலில் நல்ல செய்தி. உம்மை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களைக் கொடுத்துவிட்டேன். வருட முடிவுக்குள் கொழும்பு எம்பசியில் இருந்து நேர்முகத்துக்குத் திகதி வரும் என்கிறார்கள். நீர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு, ஊரோடு நிற்கிற ஒருவர் வீட்டு உறுதிப் பத்திரத்தை வைத்துப் பிணை நிற்க வேண்டும். தில்லைநாதன் மாஸ்டர் நிற்பதாக எனக்கு எழுதியிருக்கிறார். என்னோடு ஒன்றாகப் படித்தவர், எங்கள் ஒழுங்கையிலேயே நாலாவது வீடு. போய்க் கதைத்து வையும்.

இனி என் சந்தோசப் புழுகத்தைக் கேளும். நான் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்த வேலையாளை ஒரு நாள் முன்பக்கத்தில் விருந்தாளியாக இருத்திச் சாப்பாடு போடுவார்கள். போன செவ்வாய் என்னுடைய முறை.

அது லேசுப்பட்ட கடை இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்தால்தான் மேசை கிடைக்கும். ஆனால் உள்ளே போனால் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருப்பது போலத்தான். டை கட்டத் தேவையில்லை. சத்தமாகச் சிரிக்கலாம். முதலாளி சேட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு மேசை மேசையாக வருவார், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதைப்பார். என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அவர் நினைத்துச் சமைத்ததை ஒவ்வொரு வாயாக, ஒவ்வொரு கோப்பையில், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார். ஒன்பது கோப்பை, மூன்று மணித்தியாலம்.

ஐந்து வருடமாக அந்தக் கோப்பைகளை நான் அழுக்காகத்தான் கண்டிருக்கிறேன். சாப்பாட்டோடு கண்டது அன்றுதான். முதலில் ஒரு சிப்பி, அதன் மேல் வெள்ளரிக்காய்த் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கித் தூவியிருந்தது. பிறகு முட்டைக் கோதுக்குள் கரட் சூப். பிறகு இரண்டு விரல் அகலத்தில் ஒரு மீன் துண்டு, வாயில் வைக்கக் கரைந்தது. ஐந்தாவதாகத் தேசிக்காய் ஐஸ் ஒரு கரண்டி வந்தது. சரி, முடிந்தது போல என்று நினைத்து எழும்பி, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு. அது வாயைக் கழுவத்தானாம், இனித்தான் பெரிய சாப்பாடாம். முதலாளி என் தோளைப் பிடித்து அமர்த்தி இருத்தினார். பிறகு தாரா இறைச்சி, மணக்கிற சீஸ், இன்னும் என்னென்னவோ. கடைசிக் கோப்பை பெரியது. சூடான சொக்லேற் கேக், வெட்டினால் உள்ளே இருந்து பாகு வழிகிறது, பக்கத்தில் இரண்டு கரண்டி.

என்னை நாள் முழுக்க அதட்டுகிறவன்தான் அன்று எனக்குத் தண்ணீர் ஊற்றினான். உம்மை நினைத்துக்கொண்டேன்.

அன்புடன்
பஞ்சலிங்கம்


கொக்குவில்
24.4.1992

அத்தானுக்கு,

சுகம் விசாரித்து எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

கடிதம் வந்து மூன்று நாள். ஏழு தரம் வாசித்துவிட்டேன். முதல் தரம் வாசிக்கச் சந்தோசம். இரண்டாம் தரம் பசி. மூன்றாம் தரம்தான் அந்த இரண்டு கரண்டி கண்ணில் பட்டது.

ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கரண்டி?

மீன் இரண்டு விரல் அகலம் என்று அளந்து எழுதத் தெரிந்த மனிசனுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் ஆர் இருந்தது என்று எழுத மை முடிந்துபோய்விட்டதோ? தண்ணீர் ஊற்றினவனைப் பற்றி எழுதினீர்கள். தோளைப் பிடித்த முதலாளியைப் பற்றி எழுதினீர்கள். சிப்பிக்கு மேல் தூவின கண்டறியாத பனிக்கட்டியைப் பற்றிக்கூட எழுதினீர்கள். மூன்று மணித்தியாலம் முன்னால் இருந்த ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லத் தேவையில்லாத ஆளென்றால் நீங்கள் கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

இங்கே நாங்கள் சீனியைக் கண்டு நாலு மாதம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிறேன். சவர்க்காரம் விற்கிற விலையில் உடுப்புத் தோய்க்கிறதே ஒரு திருவிழா. அதனால் ஒன்பது கோப்பை எனக்கு எரிச்சலைத் தரவில்லை என்று எழுதினால் பச்சைப் பொய். எரிச்சல்தான். ஆனால் சாப்பாட்டு எரிச்சல் பின்னேரத்துக்குள் போய்விட்டது. மற்றது போகவில்லை.

கலியாணம் முடித்துப் பதினொரு மாதம் ஒன்றாக இருந்தோம். அதில் என்னோடு எத்தனை தரம் சேர்ந்திருந்து சாப்பிட்டீர்கள்? கலியாணத்தன்று பூதாக்கலத்தில், எல்லாரும் பார்த்திருக்க, ஒரே இலையில் சோற்றைக் குழைத்து எனக்கு ஒரு வாய் தந்தீர்கள். அதோடு சரி. அடுத்த நாளே நான் உங்களுக்குப் பக்கத்தில் கோப்பையோடு வந்து இருக்க, உங்கள் அம்மா, "ஆம்பிளையோடை சரிக்குச் சரி இருந்து சாப்பிடுற பழக்கம் எங்கடை பக்கத்திலை இல்லைப் பிள்ளை" என்றா. நீங்கள் குனிந்த தலை நிமிராமல் குழம்பை விட்டுக் குழைத்தீர்கள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். பாரிசில் அந்தப் பழக்கம் செல்லாதாக்கும்.

மாஸ்டரோடு கதைத்தேன். பிணை நிற்க ஓம் என்கிறார். ஆனால் அந்த வீடு அவரின் மனுசி பாலேஸ்வரி அக்காவுக்கு வந்த சீதன வீடு, உறுதி அவவின் பெயரில். அவ கையெழுத்து வைத்தால்தான் சரிவரும். "அவ வைப்பா, நான் சொல்லுறன்" என்றார்.

ஆர் அது? பெயரை எழுதுங்கோ.

குணலட்சுமி


பாரிஸ்
3.6.1992

அன்புள்ள குணம்,

உமக்கு விசர். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தக் கடையில் தனி ஆளுக்கு மேசை போடுவதில்லை. எல்லாம் இரண்டு பேருக்கு அளந்து செய்கிற சாப்பாடு. விருந்தாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் ஒன்று. நான் யாரைக் கூப்பிட? என் அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் அந்த நேரம் வேலை. வேறொரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறி வெட்டுகிற, தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு அன்று லீவு. ஸ்ரெல்லா என்று பெயர். குருநகர்ப் பிள்ளை. அவவின் மனுசன் சிமியோன் ஜேர்மனியில் அகதி முகாமில் கிடக்கிறார், மூன்று வருடமாகப் பத்திரம் சரிவரவில்லை. கேட்டேன், வந்தா, சாப்பிட்டோம், போனா. இவ்வளவுதான் கதை.

முதலே எழுதாமல் விட்டது நீர் கண்டபடி யோசிப்பீர் என்றுதான். இப்போது பாரும், நான் நினைத்தது சரியாகிவிட்டது.

நல்ல பிள்ளை. எந்தக் கோப்பைக்கு எந்தக் கரண்டி, எந்த முள்ளு என்று எல்லாம் அவதான் காட்டித் தந்தா. இல்லாவிட்டால் இன்னும் சிரித்திருப்பார்கள். நீர் இங்கே வந்தால் உமக்கும் ஒரு சிநேகிதி.

அம்மாவின் கதையை இப்போது எதற்கு இழுக்கிறீர்? அவ செத்து மூன்று வருடம். பாஸ் அலுவலைப் பாரும்.

பஞ்சலிங்கம்


கொக்குவில்
17.7.1992

அத்தானுக்கு,

சிநேகிதி தேடித் தந்ததற்கு நன்றி.

பாலேஸ்வரி அக்கா கையெழுத்து வைத்துவிட்டா. உறுதியையும் மாஸ்டர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். திகதி வந்தால் பாஸ் தருவார்கள். இவ்வளவு உதவி செய்த மனிசனுக்கு ஒரு வாய்ச் சோறு கொடுக்காமல் விடலாமோ? போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னேன். அக்கா தமக்கை வீட்டுக்குக் கொடிகாமத்துக்குப் போயிருந்தா. தனியாகத்தான் வந்தார்.

உங்கள் கடை மாதிரி நானும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தேன். முதலில் சின்னக் கிண்ணத்தில் மிளகு ரசம். பிறகு வாழைப்பூ வறை, ஒரு அகப்பை. பிறகு பொரித்த மோர் மிளகாயோடு பிரண்டைத் துவையல். பிறகு கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, பயத்தங்காய்ப் பிரட்டல், பருப்பு. வெள்ளிக்கிழமை என்றபடியால் மீன், மச்சம் இல்லை. எட்டாவது வைக்கிறபோது, "நீங்களும் இருங்கோவன், பிள்ளை. என்னத்துக்கு நிண்டுகொண்டு?" என்றார். இருந்தேன். ஒரு ஆம்பிளைக்கு எதிரில் கோப்பையை வைத்துக்கொண்டு, அவர் "இதை எப்பிடிச் செய்தனீங்கள்" என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டது இந்த ஜென்மத்தில் அன்றுதான்.

ஒன்பதாவது பாயாசம். எங்கேயோ தேடி அரை றாத்தல் சீனி கொண்டுவந்து தந்திருந்தார். வீட்டில் நல்ல கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு கரண்டி போட்டேன்.

நல்ல மனிசன். வந்தார், சாப்பிட்டோம், போனார். நீங்கள் கண்டபடி யோசிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

குணலட்சுமி


பாரிஸ்
28.8.1992

குணலட்சுமிக்கு,

உமது கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் வாசித்தேன். வேலைக்குப் போகவில்லை.

ஒரு மனிசன் கடல் கடந்து வந்து, கை தோலுரிய ஐந்து வருடம் கோப்பை கழுவுகிறான். அவன் பெண்சாதி ஊரில் அடுத்தவன் பெண்சாதி இல்லாத நாளாகப் பார்த்து அவனுக்குப் பாயாசம் கொடுக்கிறா. அதை எனக்கு எழுதவும் செய்கிறா. நான் வாங்கி அனுப்பிய சேலையைத்தான் கட்டிக்கொண்டு பரிமாறினீரோ? ஊர் பார்த்திருக்குமே. ஒழுங்கையில் நாய் குரைத்தாலே நாலு வீடு எட்டிப் பார்க்கிற ஊர் அது.

நான் செய்தது வேறு. இது வெளிநாடு. நீர் செய்தது வேறு. எப்படி வேறு என்று கேட்டு எழுத வேண்டாம்.

மாஸ்டருக்கும் தனியாக எழுதிவிட்டேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கிறேன். கூடப் படித்தவன் என்றும் பார்க்கவில்லை.

எம்பசித் திகதி வந்திருக்கிறது. ஜனவரி ஆறாம் திகதி. அதைத் தவற விட்டால் திரும்ப ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும். வர விருப்பமென்றால் வாரும்.

பஞ்சலிங்கம்


கொக்குவில்
5.10.1992

அத்தானுக்கு,

நெஞ்சு குளிர்ந்ததோ? இப்போது என் பங்குக்கு நான் சொல்கிறேன்.

அப்படி ஒரு விருந்து நடக்கவில்லை.

ரசமும் இல்லை, வறையும் இல்லை. வாழைப்பூ வாங்கவே எனக்கு வக்கில்லை. மாஸ்டர் என் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாக இருந்து ஒடியல் பிட்டுச் சாப்பிட்டேன். எழுதினதில் சீனி மட்டும்தான் உண்மை. அதையும் படலையில் தந்துவிட்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே போனார். மற்றதெல்லாம் நானே சோடித்தது. உங்களுடைய ஒன்பது கோப்பையை நான் நாற்பது நாள் வயிற்றில் வைத்திருந்த மாதிரி, நீங்களும் ஒரு நாற்பது நாள் வைத்திருங்கோ என்றுதான் எழுதினேன். அடுத்த கடிதத்தில் உண்மையைச் சொல்லலாம், சிரிக்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஊருக்கெல்லாம் கடிதம் போடுவீர்கள் என்று நான் கண்டேனோ?

மாஸ்டருக்கு நீங்கள் போட்ட கடிதம் வந்த நேரம் அவர் பள்ளிக்கூடத்தில். பாலேஸ்வரி அக்கா உடைத்து வாசித்திருக்கிறா. மத்தியானம் ஒரு மணி வெயிலில், அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி என் படலையில் வந்து நின்றா. கத்தவில்லை. "நான் கொடிகாமத்துக்குப் போன நாளிலையோ?" என்று மட்டும் கேட்டா. "இல்லை அக்கா, அது நான் சும்மா எழுதினது" என்றேன். "சும்மா ஆரும் உப்பிடி எழுதுவினமோ? எனக்கென்ன விசரெண்டு நினைச்சனீயோ?" என்றா. நானென்றாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அடுத்த நாளே போய்ப் பிணையை மறுத்து, உறுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டா. மாஸ்டர் ஒழுங்கையால் போகும்போது என் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. வேறு இரண்டு பேரிடம் பிணை கேட்டுப் பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போகிற பெண், திரும்பி வர மாட்டாள், வீட்டை ஆர் வைப்பார்கள்?

ஜனவரி ஆறாம் திகதிக்கு இன்னும் மூன்று மாதம். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன் போல இருக்கிறது. உங்களுக்கு அங்கே கரண்டி பிடித்துக் காட்ட ஆள் இருக்குத்தானே.

இதை எழுதிவிட்டு வெட்டலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை. இருக்கட்டும்.

குணம்


பாரிஸ்
14.11.1992

என் குணம்,

மாஸ்டருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். உமது யூலைக் கடிதத்தையும் ஒக்டோபர்க் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் பாலேஸ்வரி அக்காவிடம் காட்டும். நீர் கட்டினதும் நீரே அவிழ்த்ததும் உமது கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? கெஞ்சிக் கேளும். தேவையென்றால் நான் கெஞ்சினேன் என்று சொல்லும்.

நீர் உண்மையை எழுதிவிட்டீர். நான் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் இனி எனக்கு நித்திரை வராது.

அன்றைக்கு முதலாளி மேசைக்கு வந்து ஸ்ரெல்லாவைப் பார்த்து, "இவதான் உன்னுடைய மனுசியோ? கடைசியில் வந்து சேர்ந்துவிட்டாவோ?" என்று கேட்டார். நான் எல்லாரிடமும் உம்மைப் பற்றிச் சொல்லியிருந்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் குசினியில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டார். எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. ஸ்ரெல்லாவும் பேசவில்லை. ஒன்பது கோப்பை முடியும் வரை நாங்கள் திருத்தவில்லை.

ஏன் என்று நீர் கேட்பீர். வெட்கத்தில் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஐந்து வருடமாக எட்டடி அறையில் ஆறு பேரோடு படுத்து எழும்புகிறேன். ஒரு மூன்று மணித்தியாலம், பெண்சாதியோடு வெளியே சாப்பிட வந்த மனிசனாக என்னை நாலு பேர் பார்த்தார்கள். அது நல்லாக இருந்தது. அவவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். அதன் பிறகு நேர் நின்று கதைக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு வர மாட்டேன் என்றால் நான் உம்மைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரும்.

உமது
பஞ்சலிங்கம்


கொடிகாமம்
28.12.1992

அத்தானுக்கு,

கிளாலியால் படகில் போகக் காத்திருக்கிறேன். இதை வவுனியாவில் தபாலில் போடுவேன். கொழும்புக்குப் போனதும் தொலைபேசி எடுப்பேன், ஆனால் கடைக்காரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்து ஆறு நாள். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். கவலையில் இல்லை, கொதியில். என்னுடைய பெயரை வேறொருத்திக்குப் போட்டு ஊர் முன்னால் இருத்தி வைத்திருக்கிறீர்கள். கைகொடுத்தார்களாம். அந்தக் கையெல்லாம் எனக்குக் கொடுக்க வேண்டிய கை. போவதே இல்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த நிமிசம், நான் போகாவிட்டால் அவர்கள் எல்லாருக்கும் கடைசி வரை ஸ்ரெல்லாதான் குணலட்சுமி என்று யோசித்தேன். எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு, கடிதங்களை எடுத்துக்கொண்டு பாலேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன்.

முன்விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் வாசித்தா. விருந்துக் கடிதத்தை வாசிக்கும்போது உதட்டைக் கடித்தா. நான் உண்மையை எழுதின கடிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தா.

"அப்ப விருந்து பொய்."

"ஓம் அக்கா."

"சீனி?"

ஓம் என்று தலையாட்டினேன். நீங்கள் சாட்சிக்கு அனுப்பின என் கடிதத்திலேயே அது இருக்குதெல்லோ.

"எத்தினை தரம்?" என்று கேட்டா.

"ரெண்டு தரம். படலையிலை தந்திட்டுப் போனவர். வேறை ஒண்டும் இல்லை அக்கா, சத்தியமாய்."

"எனக்கு உந்த மனிசன் சீனி எங்கையும் இல்லையாம் எண்டு சொல்லிப் பனங்கட்டி வாங்கித் தந்தவர். ஏழு மாசமாய் நான் பனங்கட்டியோடை குடிக்கிறன்."

கடிதங்களை மடித்து என்னிடம் தந்தா. நான் எழும்பிப் போகப் பார்த்தேன். "இரு" என்றா. உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. உறுதியோடு வந்தா.

"வா, போவம். நானே பிணை வைக்கிறன்."

"அக்கா, நான் திரும்பி வரமாட்டன். உங்களுக்குத் தெரியும்தானே? உங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பினம். வீட்டுக்கும் என்ன நடக்குமோ தெரியாது."

"விசாரிக்கட்டும். நீ நாலு வீடு தள்ளி இருந்தா, உவர் சைக்கிளை எடுக்கிற நேரமெல்லாம் நான் படலையிலை நிண்டு பாக்கவேணும். எனக்கு ஏலாது. நீ போ. போனால்தான் எனக்கு நித்திரை."

நேற்றுப் பாஸ் தந்தார்கள். என் வீட்டுத் திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தன் வீட்டுக்கு ஏதும் நடந்தால் இங்கே வந்து இருப்பதாகச் சொன்னா. மாஸ்டர் வழியனுப்ப வரவில்லை. அக்காதான் பஸ் வரைக்கும் வந்தா. பஸ் வெளிக்கிட, "எனக்குச் சத்தியம் பண்ணு, அந்த மனிசனுக்கு ஒரு கடிதமும் போடக்கூடாது" என்றா. சத்தியம் பண்ணினேன்.

ஆறாம் திகதி நான் எம்பசியில் நிற்பேன். பிறகு எத்தனை மாதம் ஆனாலும் வருவேன். உங்களை நம்பித்தான் வருகிறேன் என்று நினைத்துச் சந்தோசத்தில் புழுகாதீர்கள். நம்பவில்லை. உங்களை மன்னிக்கவும் இல்லை. ஆனால் இங்கே இருந்து நினைத்துக்கொண்டே இருப்பதை விட, அங்கே வந்து பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குச் சுகம்.

குணலட்சுமி பஞ்சலிங்கம்